ஆங்கில டியூஷனில் முதல் 15 நிமிடம் பேச்சுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறந்ததும் செல்லூர், கோரிப்பாளையம் தொடங்கி மேலூர், உசிலம்பட்டி வரை ஆங்கில டியூஷன்களில் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். பல இடங்களில் கட்டுரை மனப்பாடம், இலக்கணப் பயிற்சி, வாரம் ஒரு டெஸ்ட் என்பதோடு வகுப்பு முடிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வின் 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே என்பதால் பெற்றோரும் அதைத்தான் கேட்கிறார்கள். இப்படிப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளை, வேலைக்கான நேர்முகத் தேர்வில் வாய் திறக்கத் தயங்குகிறது. ஒரு மணி நேர டியூஷனில் முதல் 15 நிமிடத்தைப் பேச்சுக்கு ஒதுக்கினால் இந்த நிலை மாறும்.

20 பேரை ஒவ்வொருவராக எழுப்பிப் பேசச் சொன்னால் ஆளுக்கு 45 விநாடிதான் கிடைக்கும். மீதி நேரமெல்லாம் அடுத்து நம்மை எழுப்புவார்களோ என்ற பயத்திலேயே போய்விடும். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைத்தால், அதே 15 நிமிடத்தில் ஒவ்வொருவரும் ஏழு நிமிடம் பேசலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதால், தப்பாகச் சொன்னாலும் யார் காதிலும் விழாது என்ற தைரியம் வரும். எத்தனை மணிக்கு எழுந்தாய், என்ன சாப்பிட்டாய், எந்த பஸ்ஸில் வந்தாய் என்பது போல ஐந்து கேள்விகள் போதும். வாரம் முழுக்க அதே ஐந்து. முதல் வாரம் 'சிக்ஸ் ஓ க்ளாக்', 'இட்லி' என்ற அளவில் பதில் வந்தால் போதும். முழு வாக்கியத்தை இரண்டாம் வாரம் கேட்கலாம். பிறகு நான்கு பேர் குழு, அதன்பின் இருந்த இடத்திலேயே எழுந்து நின்று பேசுவது. வகுப்பின் முன்னால் வந்து நிற்பதை முதல் மாதம் முடிந்து வைத்துக்கொள்ளலாம். சேர்ந்த அன்றே முன்னால் நிறுத்தித் தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னால், கூச்சமுள்ள பிள்ளை அந்த வருஷம் முழுக்க வாயே திறக்காது.

திருத்தும் விதத்தில்தான் நல்ல ஆசிரியர்களும் தடுமாறுகிறார்கள். பிள்ளை பேசும்போது நடுவில் வெட்டக் கூடாது. 'யெஸ்டர்டே ஐ கோ டு மேலூர்' என்றால், 'ஓ, யூ வென்ட் டு மேலூர்? ஹூ கேம் வித் யூ?' என்று சரியான வடிவத்தை நம் பதிலில் சேர்த்துப் பேச்சைத் தொடர வேண்டும். மற்ற தவறுகளைத் தாளில் குறித்துக்கொண்டு, 15 நிமிடம் முடிந்ததும் மூன்றை மட்டும் பெயர் சொல்லாமல் போர்டில் எழுதி, எல்லோரையும் சேர்த்துச் சொல்ல வைக்கலாம். பத்தையும் எழுதினால் ஒன்றும் நிற்காது. கேள்வி கேட்டபின் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருப்பதும் அவசியம். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் வாக்கியம் கட்ட அந்த நேரம் வேண்டும். முதலில் கேள்வி, பிறகு பெயர். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் யோசிக்கவே மாட்டார்கள்.

தமிழில் பேசினால் அபராதம் போடும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். அதனால் ஆங்கிலம் வளர்வதில்லை; பேச்சுதான் நின்றுபோகிறது. இலக்கணத்துக்குத் தமிழே நல்ல துணை. வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள் என்று ஆளுக்கு ஆள் வினையை மாற்றிப் பழகிய பிள்ளைக்கு, ஹி, ஷி, இட் வரும்போது மட்டும் 'கம்' என்பது 'கம்ஸ்' ஆகும் என்பது பெரிய விஷயமே இல்லை. இதை எடுத்துக் காட்டினால் 'நமக்கு இது வராது' என்ற எண்ணம் பாதி குறையும். கேள்வி வாக்கியத்தில்தான் கூடுதல் பயிற்சி வேண்டும். தமிழில் 'வந்தான்' என்பதோடு ஓர் 'ஆ' சேர்த்தால் கேள்வியாகிவிடும். ஆங்கிலத்தில் 'டிட்' முன்னால் வந்ததும் 'கேம்' திரும்ப 'கம்' ஆக வேண்டும். 'டிட் ஹி கேம்?' என்று பிள்ளைகள் விடாமல் சொல்வது இந்த இடத்தில் பழக்கம் இல்லாததால்தான். ஒரு நாளைக்கு பத்து வாக்கியம் வாயாலேயே மாற்றச் சொன்னால் சரியாகும்.

உச்சரிப்புக்கு தினம் ஐந்து நிமிடம் போதும். 'இஸ்கூல்' என்று வந்தால் 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டித் தொடங்கச் சொல்லலாம். 'ஃபேன்' 'பேன்' ஆகிவிட்டால் மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்துக் காற்றை விடச் சொல்லலாம். வீட்டில் சத்தமாகப் படிக்கும் பக்கத்தில் 100 சொல்லுக்குத் தெரியாதவை ஐந்தைத் தாண்டினால் அது அந்தப் பிள்ளைக்குரிய புத்தகம் இல்லை, எளிதானதைக் கொடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். விருந்தாளிகள் முன்னால் 'இங்கிலீஷ்ல ஏதாவது பேசிக் காட்டு' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அதற்குப் பதில் மாதம் ஒருமுறை ஒரு நிமிடப் பேச்சைப் போனில் பதிந்து வையுங்கள். மூன்றாம் மாதத்தில், முதலில் பதிந்ததைப் பிள்ளையே கேட்கட்டும். வளர்ச்சி அதற்கே தெரியும். அந்தப் பதிவை வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது.

நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும், வட்டாரக் கிளை நூலகங்களிலும், சனிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகள் சத்தமாகப் படித்துப் பேசிப் பழக ஒரு தனி அறையைப் பொது நூலகத் துறை ஒதுக்கித் தர வேண்டும். டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி கிடைக்க வேறு இடம் இல்லை.

இப்படிக்கு,
ஆங்கில டியூஷன் ஆசிரியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்