கொத்தமல்லிக்கு ஒரு ரசீது

பழங்காநத்தம், மதுரை
ஞாயிறு மாலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் ஓரத்தில் பொடி எழுத்தில், "பேப்பரில் வந்தது உன் மாடி வீடுதானா?" என்று கேட்டிருக்கிறாய். பள்ளிக்கூடத்திலும் நீ அப்படித்தான். முக்கியமான சேதியை மணியடிக்கும்போதுதான் அவிழ்ப்பாய்.

ஆமாம், என் மாடி வீடுதான். அந்தப் பெண் இறந்தது 2022-ல். அவளைக் கொன்றதற்காக அவள் புருஷனுக்குப் போன வாரம்தான் மகிளா நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். இனி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மேல்முறையீடு போவார்கள். 2024 ஜூலையில் சட்டம் மாறி, கொலைக்கான பிரிவு 302 என்பது 103 ஆகிவிட்டதாம். இது அதற்கு முன்பே நடந்ததால் பழைய எண்ணிலேயே வழக்கு ஓடியது.

நானும் சாட்சி. அண்ணா பஸ் நிலையத்தில் இறங்கி நீதிமன்றம் வரை நடப்பதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. கூண்டில் நின்றபோது அவனுடைய வக்கீல் கேட்டார்: "மாடியில் எப்போதாவது சண்டைச் சத்தம் கேட்டிருக்கிறீர்களா?" இல்லை என்றேன். "அடித்ததைப் பார்த்தீர்களா?" இல்லை. "அந்தப் பெண் உங்களிடம் ஒரு நாளாவது அழுதிருக்கிறாரா?" அதற்கும் இல்லை. மூன்றும் உண்மை. சத்தம் கேட்காததுதான் அந்த வீட்டில் பயங்கரமே என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார்கள்.

இதே மதுரையில் 2012-ல் நடந்தது உனக்கு நினைவிருக்கும். குடித்துவிட்டு வந்து பெற்ற மகளையே கெடுக்கப் பார்த்த புருஷனை, கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்றாள் ஒருத்தி. அப்போதைய எஸ்.பி. அஸ்ரா கார்க், தற்காப்பு உரிமை என்று 100-வது பிரிவைச் சொல்லி அவளை விடுவித்தார். நாம் இருவரும் டீக்கடை ஆண்களைப் போல அதைப் பற்றி எவ்வளவு பேசினோம்! அங்கே குடி, கூச்சல், அடி எல்லாம் இருந்தன. எது கொடுமை என்று ஊருக்குப் பட்டென்று புரிந்தது. என் மாடியில் இருந்தவனுக்கு வெற்றிலைப் பழக்கம்கூடக் கிடையாது. வாடகை ஐந்தாம் தேதிக்குள் கைக்கு வந்துவிடும். என்னைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசுவான். "கட்டுசெட்டான பையன், நீங்களும் இருக்கிறீர்களே" என்று என் வீட்டுக்காரரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

ரசீது கதைக்கு வருகிறேன். அவள் கடைக்குப் போய் வந்தால் ஒவ்வொரு பைசாவுக்கும் பில் காட்ட வேண்டும். கூடைக்காரம்மாவிடம் வாங்கும் கொத்தமல்லிக்குப் பில் ஏது? அதனால் என்னிடம் வந்து நிற்பாள். நானும் தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் "கொத்தமல்லி, கறிவேப்பிலை, 15 ரூபாய்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். பத்திரப் பதிவு அலுவலகம் மாதிரி ஆகிவிட்டதே என்று சிரிப்பேன். அவளும் சிரிப்பாள்.

ஒரு நாள், "அத்தை, 15-க்குப் பதிலாக 35 என்று போட்டுத் தருகிறீர்களா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொய்க் கணக்கு எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லையம்மா. புருஷனிடம் ஒளிவுமறைவு கூடாது." அதோடு நிற்காமல் கால் மணி நேரம் புத்திமதி வேறு. அவள் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, 15 ரூபாய்த் தாளையே வாங்கிக்கொண்டு போனாள். வாசலில் கைபேசி அடித்தது. எடுத்து, என் முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். எங்கே நிற்கிறாள், யாரோடு நிற்கிறாள் என்று அவன் பார்க்க வேண்டுமாம். பிரியம் என்றுதான் அதையும் நினைத்தேன்.

அவள் அம்மா வீடு தேனிப் பக்கம். டவுன் பஸ் என்றால் பெண்களுக்கு இலவசம்; ஆரப்பாளையத்திலிருந்து தேனிக்குப் போக டிக்கெட் எடுத்தாக வேண்டும். அந்தக் காசைத்தான் இருபது இருபதாகச் சேர்க்கப் பார்த்திருக்கிறாள். போலீசார் சோதனை போட்டபோது அஞ்சறைப் பெட்டியின் அடித்தட்டில் 85 ரூபாய் இருந்தது.

போகிறேன் என்று அவள் சொன்ன அன்று இரவுதான் அது நடந்தது. தூக்குப் போட்டுக்கொண்டாள் என்றான். கல்யாணமாகி ஏழு ஆண்டுகள் ஆகாததால் கோட்டாட்சியர் விசாரணை வந்தது. கழுத்தில் இருப்பது கயிற்றுத் தடம் இல்லை, விரல் தடம் என்று பெரியாஸ்பத்திரியில் எழுதிவிட்டார்கள். அதற்குமேல் அவன் சொன்ன எதுவும் ஒட்டவில்லை. இரண்டே பேர் இருந்த வீட்டுக்குள் நடந்ததற்கு, மற்றதெல்லாம் நிரூபணமான பிறகு, உயிரோடு இருப்பவன்தான் விளக்கம் சொல்லியாக வேண்டுமாம். சாட்சியச் சட்டம் 106 என்றார் அரசு வக்கீலின் ஜூனியர் பெண். செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதையே பொருளாதார வன்முறை என்று 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் சொல்கிறது என்பதையும் அந்தப் பெண்தான், வேப்பமரத்தடியில் நின்று, எனக்கு விளக்கினாள். இருபது ஆண்டுகளாகப் புத்தகத்தில் இருக்கிறது. நான் அதைத்தான் சிக்கனம் என்று மெச்சிக்கொண்டிருந்தேன்.

அவன் அலமாரியில் மாதவாரியாகக் கிளிப் போட்டு அடுக்கிய பில்களோடு என் காலண்டர் தாள்களும் இருந்தன. ஒன்றைக் காட்டி, "இது உங்கள் கையெழுத்தா?" என்று அரசு வக்கீல் கேட்டார். ஆமாம் என்றேன். நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் அச்சடித்த பக்கத்தில் முத்திரை குத்தி, எண் போட்டுவிட்டார்கள்.

அவள் அம்மாவின் சாட்சியம்தான் இன்னும் காதில் நிற்கிறது. "என் மகள் எப்போது பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலவே கேட்கும், ஐயா. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். சௌக்கியம் என்பதைத் தவிர ஒன்றும் சொல்ல மாட்டாள்."

மாடிக்கு இப்போது வேறு குடும்பம் வந்திருக்கிறது. மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில், பெண்கள் உதவிக்குக் கூப்பிடும் எண்ணை, 181 என்று சுண்ணாம்பால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். என்ன எண் என்று அந்த வீட்டு ஆண் கேட்டதற்கு, தண்ணீர் லாரி என்று சொல்லிவிட்டேன். இப்போது பொய்க் கணக்கு நன்றாக வருகிறது.

உன் பேத்தியின் மாப்பிள்ளை தங்கமானவர், மணிக்கொரு முறை போன் செய்கிறார், அவள் சம்பளத்தைக்கூட அவரே வாங்கிக் கணக்குப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறாய். நல்லவராகவே இருக்கலாம். என் கண் இப்போது எதைப் பார்த்தாலும் கோணலாகத்தான் பார்க்கிறது, கோபித்துக்கொள்ளாதே. நார்த்தங்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில் அனுப்புகிறேன், ஒன்று அவளுக்கு. வந்து சேர்ந்ததும் அவளைக் கூப்பிட்டுச் சொல். பேசும்போது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதா என்று மட்டும் கேட்டு எனக்கு எழுது.

உன்,
கடைசி பெஞ்சுக்காரி