ஒலிக்கலவையில் பிட்டுகள் எங்கே தொலைகின்றன?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒலிப்பதிவு பற்றி வந்த கட்டுரை, கணினியில் பல டிராக்குகளை (குரல், கருவி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எடுத்த பதிவுகளை) கலக்கும்போது ஒவ்வொன்றும் தன் பிட்டுகளில் (ஒலியின் அளவை எழுதும் 0, 1 இலக்கங்களில்) ஒரு பங்கை இழப்பதால், டிராக் கூடக்கூட ஒலித்தரம் தாழ்கிறது என்று கூறியிருந்தது. கச்சேரிப் பதிவுகளைக் கலந்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இக்கருத்து புதிதன்று. இதில் ஒரு காலத்தில் ஓரளவு உண்மையும் இருந்தது.

டிஜிட்டல் கலவை அடிப்படையில் ஒரு கூட்டல் கணக்கு. 16 பிட் ஒலியில் ஒவ்வொரு மாதிரியும், அதாவது ஒரு கணத்தில் அளந்தெடுத்த ஒலியளவும், 65,536 அளவுகளுள் ஒன்று. இரண்டு டிராக்குகளைக் கூட்டினால் விடை 17 பிட் வரை போகலாம். 32 டிராக்குகளுக்கு 21 பிட் வரை தேவைப்படும். அந்த விடையையும் 16 பிட்டுக்குள் அடைக்க வேண்டும் என்று கருவி அடம்பிடித்தால், எல்லா டிராக்குகளையும் முன்கூட்டியே தணிக்க வேண்டும். இல்லையேல் உச்சத்தில் அலையின் தலை வெட்டுப்படும். தணித்தாலோ, ஏறக்குறைய 6 டெசிபலுக்கு ஒரு பிட் வீதம் கீழே உதிரும். கட்டுரையாளரின் அச்சம் இத்தகைய கருவிகளுக்குப் பொருந்தும். இன்றைய மென்பொருள்கள் பயன்படுத்தும் 32 பிட் ஃப்ளோட்டிங் பாயிண்ட் முறையில், எண்ணின் நுட்பத்துக்கு 24 பிட்டும் அதன் அளவைக் குறிக்கத் தனியே 8 பிட்டும் இருப்பதால், டிராக்கின் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரை இறக்கினாலும் நுட்பம் குறைவதில்லை. கூட்டுத்தொகை எல்லை மீறினால்கூட, மொத்தக் கலவைக்கான மாஸ்டர் ஃபேடரை இறக்கியதும் அலை முழுதாகத் திரும்பக் கிடைக்கிறது.

டிராக் கூடினால் இரைச்சல் கூடும் என்பது உண்மைதான். எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் அது 3 டெசிபல் உயரும். ஆனால் 16 மைக்குகள் திறந்திருக்கும் சபா மேடையில் நம் காதில் விழுவது ஏசியின் இரைச்சல். வாசிக்காதவரின் மைக்கை மூடி வைப்பதே அதற்கு மருந்து.

சேதம் நேர்வது கோப்பை வெளியே எடுக்கும்போது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கச்சேரிப் பதிவின் முடிவில் தம்புராவை மெல்ல மெல்லத் தணித்து அடக்கியிருந்தேன். ஸ்பீக்கரில் குறையேதும் தெரியவில்லை. ஹெட்ஃபோனில் ஒலியை உயர்த்திக் கேட்டபோதோ, கடைசிச் சில விநாடிகளில் ரீங்காரம் மணலில் இழுத்ததுபோல் கரகரத்துப் பட்டென்று அறுந்தது. தவறு என்னுடையது: 24 பிட் கலவையை 16 பிட்டாகச் சேமித்தபோது, டிதர் என்னும் மெல்லிய இரைச்சலை இடாமல் மீதிப் பிட்டுகளை வெட்டிவிட்டிருந்தேன். உச்சத்துக்கு 60 டெசிபல் கீழே இறங்கிய ஒலிக்கு 16 பிட்டில் எஞ்சுபவை ஏறக்குறைய 64 படிகள். 84 டெசிபல் கீழே வெறும் நான்கு. அங்கே நேரும் பிழை சுருதியையே பின்தொடர்வதால், காது அதைச் சிதைவாக உணர்கிறது. வெட்டுவதற்கு முன், கடைசிப் பிட் அளவுக்குத் தாறுமாறான மெல்லிய இரைச்சலைச் சேர்ப்பதுதான் டிதர். இரைச்சலைச் சேர்த்துத் தெளிவைப் பெறுவதாவது என்று நானும் ஐயுற்றவன்தான். ஆயினும் டிதருடன் மீண்டும் எடுத்தபோது கரகரப்பு நீங்கி, சீரான மெல்லிய இரைச்சலுக்குள் தம்புரா கடைசி வரை ஒலித்தே மறைந்தது.

தொகுப்பவர், கலப்பவர், மாஸ்டரிங் (வெளியீட்டுக்கான இறுதி மெருகு) செய்பவர் என ஒரே பதிவு மூவர் கைக்குப் போய், ஒவ்வொருவரும் அதை 16 பிட்டாகவே சேமிக்கும்போது இப்பிழை அடுக்கடுக்காகச் சேர்கிறது. 1982இல் வந்த சி.டி.யின் 16 பிட், கேட்பவருக்கு இன்றும் தாராளமாகப் போதும் என்பதே என் எண்ணம். இடையில் கைமாறும் கோப்புகளுக்கு அது போதாது. ஆகையால் கட்டுரை பரிந்துரைத்த ஒலியை எண்களாக்காமல் கலக்கும் விலையுயர்ந்த அனலாக் மிக்ஸரை வாங்குவதற்கு முன், அந்தக் கோப்புகளை 24 பிட்டிலோ 32 பிட் ஃப்ளோட்டிலோ கேட்டு வாங்குமாறும், 16 பிட்டுக்கு இறக்குவதை இறுதியில் ஒரே முறை டிதருடன் செய்யுமாறும் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எம்.பி.3 பிரதி வேண்டுமானால், அதையும் சி.டி.யிலிருந்து எடுக்காமல் 24 பிட் மூலத்திலிருந்தே எடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓர் ஒலிப்பதிவாளர்,
சென்னை.