குழாயில் தெரிந்த தீயும் தெரியாத சிமெண்டும்

அன்புள்ள அம்மாடி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அன்றைக்கு நான் உருப்படியாக ஒரு பதிலும் சொல்லவில்லை. படத்தைப் பார்க்காமல் என்ன சொல்வது? அதனால் இந்த ஒரு வாரமாக எரிவாயு தோண்டுவதால் குடிநீர் கெடுகிறது என்று சொல்லும், நீ பார்த்த ஆவணப்படம் 'காஸ்லேண்ட்', அதற்கு மறுப்பு என்று மாப்பிள்ளை அனுப்பிய 'ஃபிராக்நேஷன்' இரண்டையும் பார்த்தேன். முதலாவதை இரண்டு தடவை. அப்புறம் அவற்றில் வரும் ஒவ்வொரு விஷயத்தையும் தேடிப் படித்தேன். முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவனுக்கு இதுகூட வரவில்லையென்றால் எப்படி? போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

பென்சில்வேனியாவின் வாஷிங்டன் கவுண்டியில் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வீட்டில் குடிநீர் சொந்த ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான் வருகிறது, சுற்று வட்டாரத்தில் எரிவாயுக் கிணறுகள் இருக்கின்றன என்றாய். அந்தப் படம் உன்னை ஏன் உலுக்கியது என்று புரிகிறது. குழாயைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினால் தண்ணீர் 'பக்'கென்று பற்றிக்கொள்ளும் காட்சி. மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அதைப் பார்க்கும் தாய்க்குத் தூக்கம் எப்படி வரும்?

அந்தத் தீயிலிருந்தே தொடங்குகிறேன். அது கொலராடோவில் எடுத்த காட்சி. அந்த மாநிலத்தின் எண்ணெய், எரிவாயு ஆணையம் படம் வந்த 2010ஆம் ஆண்டே ஒரு விளக்கம் வெளியிட்டது. படத்தில் வரும் மூன்று வீட்டுக் கிணறுகளில் இரண்டில் இருந்தது, நிலத்தடியில் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய மீத்தேன். புகழ்பெற்ற அந்தத் தீயும் இதில் அடக்கம். மூன்றாவது கிணற்றில் அதோடு ஆழத்துப் பாறையின் வாயுவும் கலந்திருந்தது. இதை எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்றால், மீத்தேனில் உள்ள கார்பனின் ஐசோடோப்பு (எடை வேறுபட்ட அணு வகைகள்) விகிதத்தைப் பார்ப்பார்கள். கூடவே ஈத்தேன், புரோப்பேன் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். நுண்ணுயிர்கள் மீத்தேனைத் தாராளமாக உண்டாக்கும், மற்ற இரண்டையும் அப்படி உண்டாக்குவதில்லை. ஆழத்தில் வெந்து உருவான வாயு அவற்றையும் சேர்த்துக் கொண்டுவரும்.

மாப்பிள்ளை பிடித்துக்கொண்டிருக்கும் இடம் இதுதான். அது தவறில்லை. ஃபிராக்கிங், அதாவது ஆழத்துப் பாறையில் விரிசல் போட்டு வாயு எடுக்கும் முறை, வருவதற்குப் பல காலம் முன்பே சில ஊர்களில் கிணற்று நீரில் வாயு வந்தது உண்மை. படத்தை எடுத்த ஜாஷ் ஃபாக்ஸ் அதைப் படத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கத்தான் வேண்டும் என்பேன். எதிர்ப்படம் எடுத்தவர் பொதுமேடையில் அதைக் கேட்டபோதும், அது இங்கே பொருந்தாது என்ற மாதிரிதான் பதில் சொன்னார். எனக்கு அதில் வருத்தம். அந்த ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு மொத்தப் படமும் பொய் என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு வழி கிடைத்துவிட்டது.

ஆனால் மாப்பிள்ளை அங்கேயே நின்றுவிடக்கூடாது. உங்கள் பென்சில்வேனியாவிலேயே டிமாக் என்று ஒரு சின்ன ஊர். அதுவும் அந்தப் படத்தில் வருகிறது. 2009 புத்தாண்டு அன்று அங்கே ஒரு வீட்டுத் தண்ணீர்க் கிணறு வெடித்தது. பக்கத்தில் எரிவாயுக் கிணறு தோண்டிய நிறுவனத்தின் மேல் மாநில அரசு குற்றம் சாட்டியது. 2020இல் கிரிமினல் வழக்கு. 2022இல் அந்த நிறுவனம், குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லி, ஊருக்குப் புதிய குடிநீர்க் குழாய் அமைக்க 1 கோடியே 62 லட்சம் டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. நடுவில் போன 13 வருஷத்தை நினைத்துப் பார். கிணறு வெடித்தபோது உங்கள் மகள் வயதில் இருந்த ஒரு பிள்ளை, அதற்குள் பள்ளிப் படிப்பின் கடைசிக்கே வந்திருக்கும்.

தண்ணீருக்குள் வாயு எப்படி வருகிறது? இந்த இடத்தில் இரண்டு படங்களுமே எனக்குப் போதவில்லை. வாயு அடைந்திருக்கும் மார்செல்லஸ் ஷேல் பாறை உங்கள் பக்கம் ஒரு மைலுக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. வீட்டுக் கிணறுகள் சில நூறு அடிதான். கீழே கிணற்றைப் பக்கவாட்டில் திருப்பி, 40, 50 லட்சம் காலன் தண்ணீரை மணலும் ரசாயனமும் கலந்து பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்குகிறார்கள். அந்த விரிசல் ஒரு மைல் மேலேறி வந்து உன் கிணற்றைத் தொடும் என்று பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது குழாயைப் பார்த்து. வாயு மேலே வரும் அந்தக் குழாய் உன் குடிநீர் இருக்கும் அடுக்கை ஊடுருவித்தான் வருகிறது. கிணற்றின் சுவராக இறக்கும் கேசிங் பைப்புக்கும் பாறைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சிமெண்ட் ஊற்றி அடைப்பார்கள். அது சரியாக இறுகாவிட்டால், வெடிப்பு விட்டால், பைப்பின் இணைப்பு கசிந்தால், வாயுவுக்கு மேலே வர வழி கிடைத்துவிடும்.

இது நானாகச் சொல்வதில்லை. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பென்சில்வேனியா, நியூயார்க் பகுதிகளில் 68 தண்ணீர்க் கிணறுகளைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். எரிவாயுக் கிணறுகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தவற்றில் மீத்தேன் சராசரியாக 17 மடங்கு அதிகம். அதே ஆய்வில், ஃபிராக்கிங் திரவம் கலந்ததற்கு அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. 2014இல் வந்த இன்னொரு ஆய்வு, பாதிக்கப்பட்ட கிணறுகளில் உள்ள மந்த வாயுக்களை வைத்துக் காரணத்தைத் தேடியது. கிடைத்த பதில் சிமெண்டும் கேசிங்கும்தான். பாறையில் போட்ட விரிசல் காரணமில்லை.

கேமராவுக்குத் தீ கிடைக்கிறது. தரைக்குக் கீழே இறுகாமல் போன சிமெண்ட் எந்தக் கேமராவுக்கும் கிடைக்காது. தீ பொய் என்று காட்டிவிட்டால் சிமெண்டும் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடுமா? நீங்கள் இருவரும் இந்த வாரம் முழுக்கத் தீயைப் பற்றியே சண்டை போட்டிருக்கிறீர்கள்.

கண்ணுக்குத் தெரியாதது இன்னும் இருக்கிறது. எரிவாயுக் கிணற்றிலிருந்து திரும்பி வரும் கழிவுநீர் கடலைவிடப் பல மடங்கு உப்பு. பேரியம், ரேடியம் எல்லாம் அதில் வரும். உங்கள் மாநிலத்தில் கொஞ்ச காலம் அதைச் சாதாரணச் சுத்திகரிப்பு நிலையங்கள் வழியாக ஆற்றில் விட்டிருக்கிறார்கள். 2011இல்தான் அதை நிறுத்தும்படி மாநில அரசு கேட்டுக்கொண்டது. ஓக்லஹோமாவில் எண்ணெய், எரிவாயுக் கழிவுநீரை நிலத்தின் ஆழத்தில் செலுத்தியதால் நிலநடுக்கம். 2016இல் வந்தது 5.8 அளவு. அப்புறம் காற்று. கசியும் மீத்தேன் 20 வருஷக் கணக்கில் கார்பன் டைஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 2018இல் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் எடுக்கும் எரிவாயுவில் 2.3 சதவீதம் கசிந்துபோகிறது என்று கணக்கிட்டது.

பாப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், தயங்கித்தான் எழுதுகிறேன். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 2023இல் உங்கள் கவுண்டியையும் சேர்த்து எட்டுக் கவுண்டிகளில் ஆராய்ந்தது. எரிவாயுக் கிணற்றுக்கு ஒரு மைலுக்குள் வாழும் பிள்ளைகளுக்கு லிம்போமா என்ற புற்றுநோய் வரும் வாய்ப்பு, ஐந்து மைலுக்குள் கிணறே இல்லாத இடத்துப் பிள்ளைகளைவிட 5 முதல் 7 மடங்கு அதிகமாகத் தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்குத் தொடர்பு தெரியவில்லை. ஆஸ்துமா தீவிரமாவதற்குத் தொடர்பு வலுவாகவே இருந்தது. லிம்போமா குழந்தைகளுக்கு மிக அரிதாக வருவது, மடங்கு பெருகினாலும் எண்ணிக்கை சிறியதுதான். ஆய்வு தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனாலும் அந்த வீட்டுக்கும் பக்கத்துக் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று மாப்பிள்ளையை மேப்பில் அளக்கச் சொல். எனக்கு அந்த எண் வேண்டும்.

அரசு என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். நிலத்தடியில் திரவம் செலுத்துவதற்கான கூட்டாட்சிக் குடிநீர்ச் சட்ட விதிகளிலிருந்து, டீசல் கலக்காத ஃபிராக்கிங்குக்கு 2005இலேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015இல் வெளியிட்ட வரைவு, பரவலான பாதிப்புக்கு ஆதாரம் இல்லை என்றது. 2016 டிசம்பரில் வந்த இறுதி அறிக்கையில் அந்த வாக்கியம் இல்லை. சில சூழ்நிலைகளில் குடிநீரைப் பாதிக்கக்கூடும் என்று முடித்தார்கள்.

நீ கேட்டாயே, இப்படிப் படம் எடுத்து என்ன ஆகப்போகிறது என்று. ஆகியிருக்கிறது, அம்மாடி. 'காஸ்லேண்டை' ஊர் ஊராகத் திரையிட்ட இடங்களில் மக்கள் திரண்டதையும், அதனால் உள்ளூர்த் தடைகள் வந்ததையும் சமூகவியல் ஆய்வாளர்கள் கணக்கெடுத்து 2015இல் எழுதியிருக்கிறார்கள். நியூயார்க் மாநிலம் 2014 டிசம்பரில் ஃபிராக்கிங்குக்குத் தடையை அறிவித்தது. ஜாஷ் ஃபாக்ஸின் குடும்ப நிலத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் டாலர் குத்தகை தருகிறோம் என்று வந்த கடிதத்தில்தான் அந்தப் படமே தொடங்குகிறது. அந்த நிலம் இருக்கும் டெலவேர் ஆற்றுப் படுகை முழுவதும் ஃபிராக்கிங் கூடாது என்று 2021இல் தடை வந்துவிட்டது. குறைகளோடு வந்த ஒரு படம் இவ்வளவுக்குத் துணை நின்றிருக்கிறது. நீங்கள் போக நினைக்கும் இடம் மட்டும் அந்தப் படுகைக்கு வெளியே இருக்கிறது. அங்கே தோண்டுவதற்குத் தடை இல்லை.

அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் பத்திரத்தைப் பார்க்கச் சொல். அங்கே மேல்நிலம் ஒருவருக்கும் கீழே உள்ள வாயு இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். வீட்டை விற்பவர் வாயு உரிமையையும் சேர்த்துத் தருகிறாரா, ஏற்கெனவே குத்தகைக்குப் போயிருக்கிறதா என்று வக்கீலிடம் எழுத்தில் வாங்கு. தனியார் தண்ணீர்க் கிணறுகளை எப்படிக் கட்ட வேண்டும் என்று உங்கள் மாநிலத்தில் பொது விதியே இல்லை. தண்ணீரைச் சோதிப்பதும் உங்கள் பொறுப்புத்தான்.

சோதனையை உரிமம் பெற்ற ஆய்வகத்தில் செய்யுங்கள். அவர்களே வந்து மாதிரி எடுக்கட்டும். 2012இல் வந்த மாநிலச் சட்டப்படி, எரிவாயுக் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள் உள்ள தண்ணீர் கெட்டால், வேலை முடிந்த 12 மாதம் வரை நிறுவனமே காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள். முன்பே கெட்டிருந்தது என்று காட்டி நிறுவனம் அதிலிருந்து தப்பிக்கலாம். பக்கத்தில் புதிதாகத் தோண்டுவதற்கு முன்னால் எடுத்த அறிக்கை உங்கள் கையில் இருந்தால் அந்த வழி அடைபடும்.

உன் அம்மா அந்த வீடே வேண்டாம் என்கிறாள். நான் அப்படிச் சொல்லமாட்டேன், அறிக்கை வரட்டும். மீத்தேன், ஈத்தேன், குளோரைடு, பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஐந்தும் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு அனுப்பு. ராத்திரி எத்தனை மணியானாலும் அனுப்பு, விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா