இன்ஹேலரை மாற்றிக் கொடுக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

'டாக்டர் எழுதினது ஸ்டாக் இல்லை, இதுவும் கூட்டு மருந்துதான்' என்று மருந்துக் கடைகளில் இன்ஹேலரை மாற்றிக் கொடுப்பது சாதாரணமாகிவிட்டது. பனிக்காலத்தில் வீசிங் கூடும்போது இது வினையாகும்.

ஆஸ்துமாவுக்கான கூட்டு இன்ஹேலரில் மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டும், குழாயைச் சுமார் 12 மணி நேரம் விரித்து வைக்கும் மருந்தும் இருக்கும். விரிக்கும் மருந்து ஃபார்மோட்டரால் என்றால் சில நிமிடங்களில் மூச்சு இளகும். சால்மெட்டரால் என்றால் 15, 20 நிமிடம்கூட ஆகும். தினசரிக்கும் திணறும் நேரத்துக்கும் சேர்த்தே புடெசோனைடு–ஃபார்மோட்டரால் எழுதப்பட்டவருக்கு ஃப்ளூட்டிகசோன்–சால்மெட்டராலைக் கொடுத்தால், அவசரத்தில் அது கைகொடுக்காது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு (சி.ஓ.பி.டி.) ஸ்டீராய்டே இல்லாத கூட்டு மருந்துகளும் உண்டு, அதை மட்டும் ஆஸ்துமாக்காரர் இழுப்பது ஆபத்து. உடனடி நிவாரணம் மட்டும் தரும் சால்பியூட்டமாலை மட்டுமே ஆஸ்துமாக்காரர் நம்பி இருப்பதும் அப்படித்தான். மூச்சு லேசாகும், வீக்கம் உள்ளே வளரும். ஜினா எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019-லேயே அந்த முறையைக் கைவிட்டது.

கருவி மாறினால் இழுக்கும் முறையும் மாறும். ஸ்ப்ரே வகையைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, 10 வினாடி அடக்க வேண்டும். ரோட்டாகேப் எனப்படும் கேப்சூலில் வரும் பொடியை, அதற்கான கருவியில் போட்டு வேகமாக, பலமாக இழுக்க வேண்டும்; மெதுவாக இழுத்தால் பொடி கருவியிலேயே தங்கிவிடும், கருவிக்குள் ஊதினால் ஈரத்தில் கட்டிக்கொள்ளும். ரோட்டாகேப்பைத் தண்ணீர் குடித்து விழுங்குபவர்களும் உண்டு. கேப்சூலைப் பார்த்தால் விழுங்கத்தானே தோன்றும்? கொடுப்பவர்தான் சொல்ல வேண்டும்.

எண்ணிக்கை காட்டாத, 120 பஃப் (ஒரு அழுத்தம் ஒரு பஃப்) கொண்ட ஸ்ப்ரேயில் அத்தனையும் முடிந்த பிறகும் வெறும் வாயு வந்துகொண்டிருக்கும். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தால் எதுவும் தெரியாது. தினம் 4 பஃப் என்றால் 30 நாள்தான். தொடங்கும் தேதியை டப்பாவில் எழுதி வைப்பதே வழி. இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் நாக்கில் வெண்படலம் வரலாம், குரல் கம்மலாம். அதற்குப் பயந்து மருந்தையே நிறுத்துவது இன்னும் மோசம்.

எழுதிய மருந்து, அளவு, கருவி மூன்றும் ஒத்துப்போனால் மட்டுமே இன்ஹேலரைத் தர வேண்டும். இல்லையென்றால் மருத்துவரிடம் போனில் கேட்ட பிறகே மாற்ற வேண்டும் என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தலாம். மருந்தில்லாத மாதிரிக் கருவி ஒன்றை வைத்து, முதல் தடவை வாங்குபவரை இழுத்துக் காட்டச் சொல்லவும் கடைகளால் முடியும்.

இப்படிக்கு,
மருந்தாளுநர், திருச்சி