மோரா, தயிரா?

எடிசன், நியூ ஜெர்சி
17 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜெபாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. திட்டாதே. மார்ச் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சளி, அவர்கள் தயவில் எனக்கும் சளி. இப்போதுதான் பள்ளியில் யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு விடுமுறை விட்டிருக்கிறார்கள். நாளை உங்களுக்குப் பெரிய வெள்ளி. இந்த வருஷம் பஸ்கா முடிகிற ஞாயிறும் உங்கள் ஈஸ்டரும் ஒரே நாளில் வருகின்றன. நடுவில் திங்கட்கிழமை எனக்குச் சித்திரை பிறந்தது. வேப்பம்பூவுக்கு எங்கே போக? மாங்காய்ப் பச்சடியோடு சரி.

"மீனா யூதர் கோயிலில் ஆயா வேலை பார்க்கிறாளாமே" என்று உன் அத்தை கேட்டதாக எழுதியிருந்தாய். பாதி உண்மை. மூக்குத் துடைத்துவிடுவது, ஷூ மாட்டிவிடுவது எல்லாம் உண்டு. பதவியின் பெயர் மட்டும் உதவி ஆசிரியை. 2019-இல் சேர்ந்தேன். சின்னப் பிள்ளை டீச்சருக்குச் சின்னச் சம்பளம் என்பது உலகம் முழுக்க ஒரே விதிதான் போல.

பெண் ஆசிரியரை எபிரேயத்தில் "மோரா" என்பார்கள். புதிதில் பிள்ளைகள் "மோரா! மோரா!" என்று கத்தும்போதெல்லாம் எனக்குப் பந்தியில் வாளியோடு நிற்கிற ஞாபகம்தான் வரும். தெரியாத்தனமாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து சாப்பிட உட்கார்ந்தால் "மோரா, தயிரா?" என்று கேட்காமல் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

பள்ளி, ஜெப ஆலயத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. என் வகுப்பில் நாலு வயதுப் பிள்ளைகள் 14 பேர், நாங்கள் இரண்டு பேர். பிள்ளைகளில் ஒன்பது பேர்தான் யூதர். மற்றவர்கள் குஜராத்தி, தெலுங்கு, சீன வீட்டுப் பிள்ளைகள், நம் ஊர்க்காரர் ஒருவர் மகளும் உண்டு. வீட்டுக்குப் பக்கம், நல்ல பள்ளி, அவ்வளவுதான் காரணம். மதம் மாற்றிவிடுவார்களோ என்று நம் ஊர் அப்பா முதல் நாள் என்னிடம் தமிழில் ரகசியமாகக் கேட்டார். யூதர்கள் ஆள் பிடிக்க மாட்டார்கள், மாறுகிறேன் என்று போய் நின்றாலே யோசித்துவிட்டு வா என்பார்கள் என்று சொன்னேன். முகம் தெளிந்தது.

சாப்பாட்டில்தான் நான் முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். இறைச்சியும் பாலும் ஒன்றாகக் கூடாது என்பது அவர்களுடைய முறை. குழப்பமே வேண்டாம் என்று பள்ளிக்குள் இறைச்சியையே விடுவதில்லை. அது தெரியாமல் நான் கோழிக் குழம்பும் சோறும் கட்டிக்கொண்டு போய் நின்றேன். பெரிய டீச்சர் சிரித்துக்கொண்டே வாசலைக் காட்டினார். காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். அதன்பிறகு தயிர்சாதம்தான். அதில் எந்தச் சண்டையும் இல்லை.

அங்கே என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். வெள்ளிக்கிழமையைச் சொன்னால் உனக்குப் புரிந்துவிடும். ஓய்வுநாள் தொடங்குவது வெள்ளி பொழுது சாய்ந்த பிறகுதான். ஆனால் நாங்கள் காலை பத்து மணிக்கே ஒத்திகை பார்த்துவிடுவோம். முதலில் உண்டியல் சுற்றிவரும். வீட்டிலிருந்து கொண்டுவந்த காசை ஒவ்வொருவரும் போடுவார்கள். அதற்கு "ட்செதாக்கா" என்று பெயர். தானம் என்று நாம் சொல்லிவிடுவோம், ஆனால் அந்தச் சொல்லின் வேர் நீதி. இல்லாதவனுக்குக் கொடுப்பது தயவு இல்லை, கடமை என்கிறார்கள். நம் "தருமம்" என்ற சொல்லுக்குள்ளும் இரண்டும் இருக்கத்தானே செய்கின்றன? பிச்சைக்காரர் வாசலில் நின்று கேட்பதும் அதைத்தான், கோர்ட்டில் கேட்பதும் அதைத்தான்.

அப்புறம் இரண்டு மெழுகுவத்தி. ஏற்றியதும் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு வாழ்த்துச் சொல்ல வேண்டும். நாலு வயதில் யார் கண்ணை முழுதாகப் பொத்துவார்கள்? 14 ஜோடிக் கண்களும் விரல் சந்து வழியாக ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். அடுத்து திராட்சைச் சாறு. கடைசியில்தான் சல்லா. ஹ-வுக்கும் க-வுக்கும் நடுவே தொண்டையிலிருந்து வர வேண்டிய எழுத்து அது, என் வாயில் சல்லாவாகத்தான் வருகிறது. பின்னல் போட்ட ரொட்டி. திராட்சைச் சாறுக்கு வாழ்த்துச் சொல்லி முடிகிறவரை ரொட்டியை ஒரு துணியால் மூடி வைத்திருப்பார்கள். ஏன் தெரியுமா? மற்ற நாளில் முதல் மரியாதை ரொட்டிக்கு. அன்றைக்கு மட்டும் சாறு முந்திக்கொள்கிறது, பார்த்தால் ரொட்டிக்கு மனசு கஷ்டப்படுமாம். அதற்காக மூடுகிறார்களாம். ஒரு ரொட்டியைக்கூட நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்காதே என்று ஒரு பிள்ளைக்கு இதைவிட எப்படிச் சொல்ல முடியும்? நாம் ட்ரெயினிங்கில் "நற்பண்புகள்" என்று சார்ட் எழுதி ஒட்டினோமே, நினைவிருக்கிறதா?

இந்த வாழ்த்துகளைப் பெரிய டீச்சர்தான் சொல்வார். நான் ராகத்தை மட்டும் முனகுவேன். நம்பச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் நம்புகிற மாதிரி நடிப்பதில்லை. ஆனால் சில பழக்கங்கள் எனக்குப் புதிதே இல்லை. புனிதப் புத்தகம் கைதவறிக் கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடுவார்கள். நாம் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அதேதான். ஒரு பையன் போன மாதம் டைனோசர் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு அதற்கும் முத்தம் கொடுத்தான். திருத்த வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

எழுத்து தொடங்கும் சடங்கும் அப்படித்தான். ஐரோப்பாவில் ரைன் நதிக்கரை ஊர்களில் இருந்த யூதர்கள், எண்ணூறு வருஷத்துக்கு முன்பே, பிள்ளையைச் சால்வையில் போர்த்தித் தூக்கிக்கொண்டு போய் ஆசிரியர் மடியில் உட்கார வைப்பார்களாம். சிலேட்டில் எழுதிய எழுத்துகள்மேல் தேன் தடவி நக்கச் சொல்வார்களாம். மொத்தம் 22 எழுத்துதான் ஜெபா, நம் 247-ஐச் சொன்னால் எங்கள் பெரிய டீச்சர் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். எனக்கு விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து எழுதவைத்த தாத்தாவின் கை ஞாபகம் வந்தது. தேன் இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் அழுகையைக் குறைத்திருப்பேன்.

இனி உனக்கு உதவுகிற ஒரு செய்தி. உன் வகுப்பில் 42 பிள்ளைகள், நீ ஒருத்தி என்று எழுதியிருந்தாய் அல்லவா? யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூதில் இதற்குக் கணக்கே இருக்கிறது. ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள். 40 ஆனால் ஓர் உதவியாளர் போட வேண்டும். 50 ஆனால் இரண்டு ஆசிரியர். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் பழைய புத்தகம் உனக்கு ஒரு உதவியாளர் உண்டு என்கிறது! அந்தக் கணக்குக்குச் சற்று முன்னால் வருகிற கதை இன்னும் நன்றாக இருக்கிறது. முதலில் அப்பாதான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இருந்ததாம். அப்பா இல்லாத பிள்ளைக்கு? ஒன்றும் இல்லை. யெகோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு வந்துதான் ஊருக்கு ஊர் ஆசிரியர் வையுங்கள், ஆறு ஏழு வயதில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுங்கள் என்று ஏற்பாடு செய்தாராம். அது முதல் நூற்றாண்டு. தகப்பன் இல்லாத பிள்ளையை நினைத்துத் தொடங்கியது பள்ளிக்கூடம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. உனக்கு ஏன் இதைச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும்.

சரி, பஸ்காவுக்கு வருகிறேன். பைபிள் கதை உனக்கு மனப்பாடம், எகிப்து, பார்வோன், புளிப்பில்லா அப்பம். அதை அந்த இரவில் எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் விசேஷம். வீட்டிலேயே சின்னப் பிள்ளை எழுந்து கேட்க வேண்டும்: இந்த இரவு மட்டும் ஏன் மற்ற இரவுகள் மாதிரி இல்லை? அந்தக் கேள்வி வந்தால்தான் பெரியவர்கள் கதையைத் தொடங்கலாம். வெறும் அப்பம், கசப்புக் கீரை, உப்புத் தண்ணீரில் தொட்டுச் சாப்பிடுவது, சாய்ந்து உட்காருவது எல்லாமே பிள்ளையைக் கேட்கவைக்கும். எங்கள் வகுப்பில் பிப்ரவரியிலேயே, மரங்களின் புத்தாண்டு அன்று, ஆளுக்கொரு கோப்பையில் பார்ஸ்லி விதை போட்டோம். கொத்தமல்லிக்குத் தங்கை மாதிரி ஒரு கீரை. அதைத்தான் போன வியாழக்கிழமை ஒத்திகை விருந்தில் உப்புத் தண்ணீரில் தொட்டார்கள். பாதிப் பேர் துப்பிவிட்டார்கள்.

அந்த இரவுப் புத்தகத்தில் நாலு விதப் பிள்ளைகள் வருகிறார்கள். புத்திசாலி, துடுக்கன், வெள்ளந்தி, கேட்கவே தெரியாதவன். ஒவ்வொருவனுக்கும் ஒரு பதில். நாலாமவனுக்கு என்ன பதில் சொல்வது? அவன்தான் ஒன்றும் கேட்கவில்லையே. "நீ அவனுக்குத் திறந்து கொடு" என்று இருக்கிறது. எபிரேயத்தில் "நீ" என்பதில் ஆண்பால் வேறு, பெண்பால் வேறு. மற்ற இடத்தில் ஆண்பால் "நீ" வருகிற புத்தகம், இந்த இடத்தில் மட்டும் பெண்பால் "நீ" போட்டிருக்கிறது. பெரிய டீச்சர் இதைச் சொன்னபோது கையிலிருந்த பசைக்குப்பியை மூட மறந்து நின்றேன். ஏட்டி, அந்த "நீ" நாம்தானே?

என் வகுப்பில் அப்படி ஒருவன் இருக்கிறான். செப்டம்பரிலிருந்து வாய் திறக்கவில்லை. வீட்டில் பேசுகிறானாம். தலையாட்டுவான், ஜாடை காட்டுவான், அவ்வளவுதான். நானும் உன்னிடம் கற்ற வித்தை எல்லாம் செய்து பார்த்தேன், கைப்பாவை, பாட்டு, வேண்டுமென்றே தப்பாகச் சொல்வது. ஒன்றும் பலிக்கவில்லை. விருந்துக்கு இரண்டு நாள் முன்பு மட்சா, அதுதான் அந்தப் புளிப்பில்லா அப்பம், சுட்டோம். மாவில் தண்ணீர் பட்ட நிமிஷத்திலிருந்து 18 நிமிஷத்துக்குள் சுட்டு எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புளித்ததாகக் கணக்கு. டைமர் ஓடுகிறது, பிள்ளைகள் கத்துகிறார்கள், மாவு தலையெல்லாம். நான் முள்கரண்டியால் குத்திக்கொண்டே போகிறேன். பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஏன் ஓட்டை போடுறீங்க?" திரும்பிப் பார்த்தால் அவன்.

எனக்குப் பதில் தெரியும், ஜெபா! பாளையங்கோட்டையில் தீபாவளிக்குத் தட்டை தட்டும்போது அம்மா குத்திய அதே குத்து. குத்தாவிட்டால் பூரி மாதிரி உப்பிவிடும். அதைத்தான் சொன்னேன். "ம்" என்றான். கரண்டியைக் கேட்டு வாங்கி அவனும் குத்தினான். அன்றைக்கு அவ்வளவுதான். விருந்தன்று "இந்த இரவு மட்டும் ஏன்" என்கிற நாலு கேள்விப் பாட்டை எல்லாரும் பாடியபோது அவன் பாடவில்லை, மேசைக்கடியில் இருந்தான். எங்கள் மட்சா 18 நிமிஷத்தைத் தாண்டிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த ரபியும், அதாவது யூத மதகுருவும், ஒப்புக்கொள்ள மாட்டார்.

இந்தப் பிள்ளைகள் பெரியவர்களானதும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கு வருவார்கள். அது உன் சபையிலிருந்து கடன் வாங்கியது, தெரியுமா? ரெபெக்கா கிராட்ஸ் என்ற பெண்மணி 1838-இல் பிலடெல்பியாவில் தொடங்கினார், கிறிஸ்தவர்களின் ஞாயிறு பள்ளியைப் பார்த்துத்தான். உண்மையைச் சொன்னால் அங்கே இந்த மகிழ்ச்சி இல்லை. பத்து வயதில், கால்பந்தை விட்டுவிட்டு வருகிற முகங்கள் தொங்கிப்போய் இருக்கின்றன. 13 வயதில் தோரா என்கிற அவர்கள் வேதச் சுருளைப் பார்த்து ராகத்தோடு படிக்க வேண்டும், சுருளிலோ உயிர்க்குறிகளும் இல்லை, ராகக் குறிகளும் இல்லை. மனப்பாடம்தான் வழி. பெண்பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். 1922-இல் நியூயார்க்கில் ஜூடித் கப்லான் என்ற சிறுமிதான் அமெரிக்காவில் அதைத் தொடங்கிவைத்தாள். அவளைக்கூடச் சுருளிடம் விடவில்லை, அச்சுப் புத்தகத்தைத்தான் கொடுத்தார்கள்.

ஒன்றை மட்டும் உனக்கு எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். வாசலில் காவலர் நிற்கிறார். கதவுக்கு ரகசிய எண். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க்கில் ஓர் ஓய்வுநாள் காலையில் ஜெப ஆலயத்துக்குள் புகுந்து 11 பேரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். நான் சேர்ந்தது அதற்கு அடுத்த வருஷம். விளக்கை அணைத்து, மூலையில் ஒட்டி உட்கார்ந்து, சத்தமில்லாமல் இருக்கப் பழக்குகிறோம். "சுண்டெலி விளையாட்டு" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். அந்த விளையாட்டில் எப்போதும் ஜெயிப்பவன் யார் என்று உனக்கே தெரியும்.

நாம் ட்ரெயினிங்கில் கொச்சிக்குச் சுற்றுலா போனோமே, மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய ஜெப ஆலயம். தரையில் நீலப்பூப் போட்ட சீன ஓடுகள், மேலே தொங்குகிற விளக்குகள். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடுகளை எண்ணிக்கொண்டு நடந்தாய். ஆட்கள் எல்லாம் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள், கைவிரலால் எண்ணுகிற அளவுக்குத்தான் மிச்சம் என்று வழிகாட்டி சொன்னார். அப்போது அது எனக்கு அழகான கட்டடம், அவ்வளவுதான். இப்போது கீழ்த்தளத்தில் காது கிழிகிற சத்தத்துக்கு நடுவில் நிற்கும்போது அந்த அமைதி ஞாபகத்துக்கு வருகிறது.

மணிக்கூண்டுக்கு முன்னால் எல்லாரும் நின்று எடுத்த போட்டோ உன்னிடம் இருக்கும். நீ கண்ணை மூடிக்கொண்டு நிற்பாயே, அதுதான். தேடி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு இந்த வருஷமும் நீதான் கைவேலை டீச்சரா? முட்டி வலி எப்படி இருக்கிறது? அத்தையிடம் ஆயா நலம் என்று சொல்.

உன்
மீனா