வராளி பாதியில் நின்ற கதை: பாட்டு டீச்சருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டீச்சருக்கு,

நமஸ்காரம். முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? பெங்களூர்க் குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்கள் மருமகள் போனில் சொன்னார். தியாகராஜ ஆராதனையை டிவியில் போட்டுக்கொண்டு, பெண்கள் பக்கத்தை கேமரா காட்டும்போதெல்லாம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எங்களைத் தேடினீர்களாம். நாங்கள் அதில் வந்திருக்கவே முடியாது, டீச்சர். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். தனியாக எழுதினால் பாதியை மழுப்பிவிடுவேன்.

போனவர்கள் நான்கு பேர். பெயரைப் போடாதே என்று மற்ற மூவரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் நீங்கள் வைத்த பெயர்களையே எழுதுகிறேன்: அவசரக்குடுக்கை, ஊமைக்கோட்டான், மூக்குப்பாட்டு. நான் தாளம்தப்பி. நாலு பேருக்கும் நாற்பத்தைந்து ஆகிவிட்டது. ஒருத்தி வங்கியில் மேலாளர், ஒருத்தி பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறாள். ஆனாலும் எங்களுக்குள் இன்றைக்கும் அந்தப் பெயர்கள்தான்.

கும்பகோணத்தில் உங்கள் வீட்டுத் திண்ணையில் ஆறு வருடம் பாட்டுக் கற்றோம். ஆராதனை நடக்கிற திருவையாறு அங்கிருந்து ஒரு பஸ் தூரம். ஒரு வருடம்கூட நீங்கள் எங்களை அழைத்துப் போகவில்லை. ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பாடுகிற தியாகராஜரின் பஞ்சரத்தின கீர்த்தனைகள் ஐந்தைத்தான் சொல்வீர்கள்: "அஞ்சும் பாடமாகாம அந்த மண்ணுல உட்காரக் கூடாது" என்று. நான்கு பாடமானது. வராளி ராகத்தில் இருக்கிற ஒன்று மட்டும் ஆகவில்லை. அது எங்கள் குற்றமா என்பதைக் கடைசியில் பேசுவோம்.

இந்த வருடம், 2025இல், ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமி ஜனவரி 18, சனிக்கிழமை. பொங்கல் விடுமுறையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. டிசம்பரிலேயே அவசரக்குடுக்கை யாரையும் கேட்காமல் உழவன் ரயிலில் நான்கு டிக்கெட் போட்டுவிட்டாள். பாடம் என்ன ஆவது என்று நான் இழுத்தேன். "டீச்சர் சொன்னதை முப்பது வருஷம் கேட்டாச்சு, போதும்" என்றாள். நீங்கள் திட்டுவதானால் அவளைத் திட்டுங்கள்.

தஞ்சாவூரில் இறங்கியபோது இருட்டுப் பிரியவில்லை. அங்கிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர் இருக்கும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாகப் பாலங்கள். ஊருக்குப் பெயர் வந்த காரணத்தையே சாலை எண்ணிக் காட்டிவிடுகிறது. மூக்குப்பாட்டு ஒவ்வொரு பாலத்திலும் "ஒண்ணு, ரெண்டு" என்று விரல் மடக்கிக்கொண்டு வந்தாள். ஆற்றில் தண்ணீர் இருந்தது. மேட்டூரை மூடுவதற்கு இன்னும் பத்து நாள் பாக்கி. இரண்டு பக்கமும் சம்பா பழுத்துச் சாய்ந்து கிடக்க, அதன்மேல் பனி புகைபோல நின்றது.

அத்தனை சீக்கிரம் போய்ச் சேர்ந்தும் இடம் கிடைக்காமல் போனதற்குக் காரணம் காபி. ஒரு டபரா குடித்துவிட்டுப் போகலாம் என்றாள் ஊமைக்கோட்டான். அது இரண்டானது. அப்புறம் திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த வீட்டிலிருந்து, தெருவில் பாடிக்கொண்டே தானியம் வாங்குகிற உஞ்சவிருத்தி பஜனை கிளம்பியது. அதை விட்டுவிட்டு முன்னால் ஓட மனம் வரவில்லை. ஜால்ராச் சத்தத்தோடு, தெருவில் போட்ட கோலங்களை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்து சமாதிக்கு வந்தபோது பந்தல் நிரம்பிவிட்டது. சந்நிதிக்கு நேர் முன்னால் வித்வான்கள் இருக்கிறார்கள், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அதற்குப் பின்னால் எங்களைப் போன்றவர்கள். நாங்கள் அந்தப் பின்னாலுக்கும் பின்னால், ஒரு மூங்கில் கால் ஓரமாக மணலில் பாயை விரித்தோம். எங்களுக்கும் கேமராவுக்கும் நடுவில் எப்படியும் ஓராயிரம் தலைகள் இருந்திருக்கும்.

ஒன்பது மணிக்குப் புல்லாங்குழல் முடிந்து முதல் கீர்த்தனைக்கு நாட்டை ராகத்தை எடுத்தார்கள். டீச்சர், திண்ணையில் நாம் ஐந்து பேர் பாடிய ஜகதானந்தகாரகாவா அது? முதல் அடி வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பக்தியால் என்று சொல்ல மாட்டேன், அந்தச் சத்தத்தின் கனத்தால். முன்னால் வயலின்களும் மிருதங்கங்களும் கூட்டம் கூட்டமாக. பின்னால் எங்கள் வரிசையில் பொக்கைவாய்த் தாத்தா முதல் பாவாடை கட்டிய குட்டிப்பெண் வரை எல்லார் கையும் தொடையில் விழுகிறது. என்னைத் தாளம்தப்பி என்றீர்களே, அன்றைக்குத் தப்பவே முடியவில்லை. நான்கு பக்கமும் ஆதி தாளம் வேலி கட்டி நின்றது.

ஆனால் ஒன்று கவனித்தேன். ஒலிபெருக்கியில் வருவது முதலில் காதில் விழுகிறது. முன்வரிசைக்காரர்களின் வெறும் குரல் அதற்கு ஒரு மயிரிழை பிந்தி வருகிறது. சத்தம் நொடிக்கு 340 மீட்டர் போல்தான் போகும், கடைசி வரிசைக்கு வந்து சேர வேண்டாமா? எது சரியான தாளம் என்று கணக்கு டீச்சரைக் கேட்டேன். "பக்கத்துல இருக்கறவங்க கையைப் பாரு, போதும்" என்றாள். முப்பது வருடத்துக்கு முன்னால் யாராவது இதைச் சொல்லியிருந்தால் எனக்கு அந்தப் பெயரே வந்திருக்காது.

அடுத்தது கௌளை. துடுகு கல முழுக்கத் தன் குற்றங்களைத் தானே அடுக்கிச் சொல்கிற பாட்டு. இருட்டில் தனியாக முணுமுணுக்க வேண்டிய சங்கதி. அதை இத்தனை பேர் வெயில் ஏற ஏற உரக்கப் பாடினால் வெட்கம் போய்விடுகிறது. ஆரபியில் எல்லாரும் சங்கீத வித்வான்கள் ஆகிவிட்டோம். சரணங்கள் தெரியாவிட்டால் என்ன, ஒவ்வொன்றும் முடிந்ததும் 'சமயானிகி' என்று திரும்ப வந்து நிற்கிறதே, அந்த இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். எங்களுக்கு முன்னால் இருந்தவர் சரணம் முழுக்க வாயை மூடியிருந்துவிட்டு, அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார். தெரிந்த இடத்தில் இறங்கி ஏறும் பயணியைப் போல.

அப்புறம் வராளி வந்தது.

குருவே சிஷ்யருக்கு வராளி சொல்லிக்கொடுத்தால் இருவருக்கும் மனஸ்தாபம் வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டே. அதனால் வராளிக் கீர்த்தனையான கனகனருசிராவை நீங்கள் வாயால் சொல்லித் தரவில்லை. கேசட்டைப் போட்டுவிட்டு, "கேட்டுப் பிடிச்சுக்கோங்க" என்று அடுக்களைக்குப் போய்விடுவீர்கள். பல்லவி, அனுபல்லவி, முதல் சரணம் வரை வந்தோம். அப்போது டேப் சிக்கிக்கொண்டது. அவசரக்குடுக்கை பென்சிலை விட்டுச் சுற்றினாள், பட்டென்று அறுந்தது. எங்கள் வராளி அந்த இடத்தில்தான் இன்றைக்கும் நிற்கிறது. பாருங்கள், சமாதிக்கு முன்னால் உட்கார்ந்தும் நாலு பேரும் மிகச் சரியாக அதே இடத்தில் நின்றோம். டேப் அறுந்த மாதிரி. ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல், ஊமைக்கோட்டான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். ஆந்திராவிலிருந்து வருடா வருடம் வருகிறவராம். திட்டப் போகிறார் என்று பயந்தோம். தன் புத்தகத்தை எங்கள் பக்கம் தள்ளினார். அதில் எல்லாம் தெலுங்கு எழுத்து. நாங்கள் வாசலில் வாங்கியது தமிழ் எழுத்தில், உச்சரிப்புக்காக எழுத்தின் தலைக்கு மேல் 2, 3, 4 என்று எண் போட்டது. எண்ணைப் பார்ப்பதா, சாகித்தியத்தைப் பார்ப்பதா, ஸ்வரத்தைப் பார்ப்பதா? மீதி வராளிக்கு வாயசைத்தோம். ஆம் டீச்சர், வாயசைத்தோம். ஆனால் சுற்றிலும் பார்த்தேன், எங்கள் வரிசையில் வராளிக்குக் குரல் பாதியாகத்தான் இருந்தது. ஊர் ஊருக்கு நிறைய டீச்சர்கள் அடுக்களைக்குப் போயிருப்பார்கள் போல.

எந்தரோ மஹானுபாவுலு வந்ததும் பழையபடி எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஸ்ரீராகம் முடிந்தபோது ஏறத்தாழ ஒரு மணி நேரம் போயிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு சமாதிக்கு எதிரே போனோம். அங்கே பெங்களூர் நாகரத்தினம்மாளின் சமாதி இருக்கிறது. கை கூப்பியபடி, தியாகராஜரைப் பார்த்து உட்கார்ந்த சிலை. தேவதாசி மரபில் வந்தவர். தியாகராஜரின் சமாதி சிதிலமாகிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, பாடிச் சம்பாதித்த பணத்தைப் போட்டு, 1921இல் வேலையைத் தொடங்கி 1925இல் குடமுழுக்கு நடத்தினார். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாட அப்போது அனுமதி இல்லை. பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று ஆண்களே இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு உற்சவம் நடத்திக்கொண்டிருந்தார்கள். இவர் பெண்களைத் திரட்டிச் சமாதிக்குப் பின்புறம் உட்கார்ந்து பாடினார். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது 1940 வாக்கில்தான். 1952இல் அவர் இறந்தார்.

இதை நான் தெரிந்துகொண்டது நாற்பது வயதுக்கு மேல், எதையோ படிக்கப்போய். நீங்கள் ஏன் சொல்லவில்லை டீச்சர்? தியாகராஜரின் அண்ணன் அவருடைய ராமர் விக்கிரகத்தைக் காவிரியில் எறிந்த கதையைப் பத்துத் தடவை சொன்னீர்கள். கடைசி நாட்களில் சந்நியாசம் வாங்கிக்கொண்டதைச் சொன்னீர்கள். "நாகரத்தினம்மா கட்டின கோயில்" என்று மட்டும் ஒரு வரி. வயசுக்கு வராத பெண்களிடம் தேவதாசி என்ற சொல்லை எடுத்தால் எங்கள் அம்மாக்கள் முகம் சுளிப்பார்கள் என்று நினைத்திருக்கலாம். என் அம்மா நிச்சயம் சுளித்திருப்பாள். ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது. முன்பக்கம் இடமில்லை என்றதும் பின்பக்கம் உட்கார்ந்து பாடிய ஒருத்தி கட்டிய வாசல் அது. அதில் போய் உட்கார ஐந்தும் பாடமாக வேண்டும் என்ற சட்டத்தை நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள்? அன்றைக்கு அந்தச் சிலைக்கு முன்னால் நிற்கும்போது உங்கள்மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. எழுதிவிட்டேன், சரி.

மத்தியானம் வேறு மாதிரி. அடுத்தடுத்து இரண்டு மேடைகள். ஒன்றில் பாட்டு முடிவதற்குள் மற்றதில் தம்புரா சேர்ந்திருக்கும். நாம் கழுத்தைத் திருப்பினால் போதும். பேர் போனவரானாலும் புதுசானாலும் ஆளுக்குக் கால் மணி, இருபது நிமிஷம். கேட்பவர்களுக்கு டிக்கெட் இல்லை, பாடுகிறவர்களுக்குச் சன்மானமும் இல்லை. சென்னை சபாவில் இரண்டரை மணி நேரம் பாடுகிறவர் இங்கே ஒரே ஒரு கீர்த்தனையைப் பாடி, கும்பிட்டுவிட்டு இறங்கி நம் பக்கத்து மணலில் வந்து உட்காருகிறார். சில பேர் சுமார்தான். ஒருவர் சுருதிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பாடினார். மூக்குப்பாட்டுக்கு அதில் பரம சந்தோஷம். மூன்று மணி வெயிலில் காவிரிக் காற்று வந்ததும் நான் பாயிலேயே தூங்கிவிட்டேன். எழுந்தபோது மூன்று வித்வான்கள் போய் நாலாவது ஆள் பாடிக்கொண்டிருந்தார். பெண்கள் கழிப்பறை வரிசையில் நின்ற நேரத்தில் இன்னும் இரண்டு பேர் போய்விட்டார்கள். கூட்டம் கூடுகிற எந்த ஊரிலும் அந்த வரிசை மட்டும் நீளம்தான்.

ஊமைக்கோட்டான் அதிகம் பேச மாட்டாள் என்று உங்களுக்குத் தெரியும். ஆற்றங்கரையில் உட்கார்ந்து அசோகா அல்வா தின்னும்போது திடீரென்று, "தேவாரம் பாடப்பெற்ற ஊர்ல நாள் பூரா தெலுங்கு கேக்கறோமே, யாருக்கும் ஒண்ணும் தோணலையா?" என்றாள். தோன்றியிருக்கிறது என்றேன். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்ததே அந்தக் கேள்வியின் சூட்டில்தான். தியாகராஜர் வீட்டுமொழி தெலுங்கு. நாயக்கரும் மராட்டியரும் ஆண்ட தஞ்சையில் அது அரண்மனையிலும் புழங்கிய மொழி. அவரிடம் போய்ச் சண்டை போட முடியாது. ஐயாறப்பர் கோயிலில் ஓர் ஓதுவார் பாடும்போது கேட்க இருபது பேராவது உட்கார்ந்தால் நன்றாக இருக்கும், அவ்வளவுதான் என்றேன். அதைச் சொன்ன கையோடு கோயிலுக்கும் போனோம். தெற்குப் பிரகாரத்தில் ஓர் இடத்தில் "ஐயாறா" என்று கூப்பிட்டால் ஏழு முறை திரும்பக் கேட்கும் என்பார்கள். கூப்பிட்டோம். நான் ஐந்து வரை எண்ணினேன். அவசரக்குடுக்கை ஏழு என்று சத்தியம் செய்கிறாள்.

அசோகா உங்களுக்கும் அரைக் கிலோ அனுப்பியிருக்கிறேன். பாசிப்பருப்பும் நெய்யும்தான் என்று மருமகளிடம் சொல்லாதீர்கள், சர்க்கரையும் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒரு விரல் தொட்டு வாயில் வையுங்கள், மீதியை அந்த அபார்ட்மெண்டில் உங்களிடம் பாட்டுக் கற்கும் குழந்தைகளுக்குக் கொடுங்கள். ஐந்தும் பாடமாகும் வரை காக்க வைக்காமல் அவர்களை ஒரு வருடம் அனுப்பியும் வையுங்கள்.

இப்போது வராளி. அடுத்த பஞ்சமி 2026 ஜனவரி 7, புதன்கிழமை. நால்வரும் இப்போதே லீவு சொல்லிவிட்டோம். மீதிச் சரணங்கள் எத்தனையானாலும் போனிலேயே சொல்லித்தாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேரும் ஒரே நேரத்தில் லைனில் வருகிறோம். மனஸ்தாபம் வந்துவிடும் என்று யோசிக்காதீர்கள். சண்டையைத்தான் இந்தக் கடிதத்திலேயே போட்டு முடித்துவிட்டேனே.

உங்கள்,
தாளம்தப்பி