ட்ரம் அன்ட் பேஸ்: முதலில் ஸ்பீக்கர் வாங்க வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டிலிருந்தபடியே இலத்திரனியல் இசை தயாரித்து வெளிநாட்டு இசை வெளியீட்டு நிறுவனங்களுக்குக் கொடுப்பது பற்றி உங்கள் இளைஞர் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தோம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இந்தத் துறையையும் எட்டிப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் வாங்கவேண்டிய பொருட்களின் பட்டியலில் முதலிடத்தில் 8 அங்குல ஸ்பீக்கர் சோடியும் ஆழ்ந்த பேஸுக்கான ஒரு சப்வூஃபரும் இருந்தன. வேகமான மேளமும் ஆழ்ந்த பேஸும் கொண்ட நடன இசையான ட்ரம் அன்ட் பேஸ் செய்ய விரும்பும் ஒருவர் திருகோணமலையில் அந்தப் பட்டியலை நம்பிக் காசைப் போட்டால், காசும் போகும் பாட்டும் கெடும்.

எங்கள் வீடுகளில் ஒரு பிள்ளைக்கு ஒதுக்கக்கூடிய அறை பெரும்பாலும் பத்துக்குப் பத்தடி, நான்கு பக்கமும் சீமெந்துச் சுவர். இந்த அளவு அறையில் சுவருக்குச் சுவர் மோதித் தேங்கி நிற்கும் முதல் அலை சுமார் 57 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 57 அதிர்வு. இந்த இசையின் அடியாழ ஒலியான சப் பேஸ் இருப்பதோ 40க்கும் 60க்கும் இடையில். அறை சதுரமாக இருப்பதால் நீளவாட்டிலும் அகலவாட்டிலும் அதே அலைதான் தேங்கும். நடு அறையில் கதிரை போட்டு இருந்தால் 55 ஹேர்ட்ஸ் ஸ்வரம் காதில் அநேகமாக விழாது. விழவில்லையே என்று பிள்ளை அதைக் கூட்டி வைப்பார். சுவரோடு மேசையைப் போட்டால் அதே ஸ்வரம் குமுறும், உடனே குறைத்து வைப்பார். இரண்டும் பிழை. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடற்கரையில் பெரிய சிஸ்டத்தில் போடும்போதுதான் அது வெளியே வரும். சப்வூஃபர் அந்தப் பிழையை இன்னும் பெரிதாக்கிக் கேட்க உதவும், அவ்வளவே. சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதாலும் பயனில்லை. 57 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் 6 மீற்றர், அது முட்டை அட்டையைக் கண்டுகொள்ளாது.

ஆகவே முதல் செலவு காதை முழுதாக மூடும் நல்ல ஹெட்போன் ஒன்று. மின்தடை 80 ஓமுக்குள் இருப்பதை வாங்கவேண்டும். 250 ஓம் வகையை லப்டொப்பில் நேரே செருகினால் சத்தம் போதாது. கூடவே எந்த ஹேர்ட்ஸில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று திரையில் காட்டும் வொக்செங்கோ ஸ்பான் போன்ற இலவச அலைமானி ஒன்றைத் திறந்து வைத்து, ஏற்கெனவே வெளிவந்த ஒரு நல்ல பாட்டையும் தன் பாட்டையும் ஒரே சத்த அளவில் மாற்றி மாற்றிப் போட்டு அடிப்பகுதியை ஒப்பிட்டால், பத்துக்குப் பத்து அறையில் எந்த ஸ்பீக்கரும் காட்டாததை அது காட்டிவிடும். மென்பொருளுக்கும் பெருங்காசு தேவையில்லை. இசை தயாரிக்கும் மென்பொருளான ரீப்பரின் தனிநபர் உரிமம் 60 டொலர். அதேபோன்ற எஃப்எல் ஸ்டூடியோவை ஒருமுறை வாங்கினால் பிந்திய பதிப்புகள் இலவசம். ஒலிகளை உருவாக்கும் வைட்டல் சிந்தசைசருக்கு இலவசப் பதிப்பே உண்டு. பூட்டு உடைத்த மென்பொருளைப் போட்டுவிட்டு, ஒப்பந்தம் பேசும் நேரத்தில் புரொஜெக்ட் திறக்கமாட்டேன் என்கிறது என்று அழுவதில் அர்த்தமில்லை.

இனி இசை. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நடனக் கூடங்களிலும் அனுமதியற்ற வானொலிகளிலும் வளர்ந்த ஜங்கிள் இசையின் அடுத்த நிலைதான் ட்ரம் அன்ட் பேஸ். 1997இல் ரோனி சைஸும் ரெப்ரசென்ட் குழுவும் ஆண்டின் சிறந்த அல்பத்துக்கான மேர்க்குரி விருது பெற்றபோது அது பொதுமக்களின் காதுக்கும் வந்துவிட்டது. இன்றைய வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 174 அடி. நான்கு அடி கொண்ட ஒரு பார் 1.38 செக்கன் ஓடும். ஒரு பாரைப் பதினாறாகப் பிரித்தால் ‘தும்’ என்ற கிக் மேளம் 1இலும் 11இலும், ‘டக்’ என்ற ஸ்நேர் மேளம் 5இலும் 13இலும் விழும். இதை ஒரு மணித்தியாலத்தில் பழகிவிடலாம். சறுக்குவது வேறு இரண்டு இடங்களில்.

ஒன்று ஸ்நேர். தடிப்பாகக் கேட்கவேண்டும் என்று இரண்டு மூன்று ஸ்நேரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அடுக்க அடுக்க மெலிகிறதே என்று மேலும் ஒன்றைப் போடுவார்கள். ஸ்நேரின் உடல் இருப்பது 200 ஹேர்ட்ஸ் அளவில், அங்கே ஓர் அலைக்கு 5 மில்லிசெக்கன். ஒரு ஸ்நேர் மற்றதிலிருந்து 2.5 மில்லிசெக்கன் தள்ளி நின்றால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். திரையில் அலையைப் பெரிதாக்கி, முதல் மேடு இரண்டிலும் ஒரே இடத்தில் வரும்படி இழுத்து வைக்கவேண்டும். அல்லது ஒன்றின் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள பகுதியை வெட்டிவிடலாம். நாலாவது ஸ்நேர் தேவைப்படாது.

மற்றது ரீஸ் பேஸ். டெட்ரொயிட்டின் கெவின் சோண்டர்சன் 1988இல் ரீஸ் என்ற பெயரில் வெளியிட்ட பதிவிலிருந்து வந்த ஒலி இது. இரண்டு ரம்பப்பல் அலைகளைச் சற்றே சுருதி விலக்கி வைத்தால் அந்த உறுமல் வரும். 55 ஹேர்ட்ஸில் 20 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலக்கினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.64 ஹேர்ட்ஸ். அதாவது 1.6 செக்கனுக்கு ஒருமுறை அடிநாதம் அழிந்து திரும்ப வரும், ஏறக்குறைய பாருக்கு ஒருமுறை. ‘என் பேஸ் இடைக்கிடை காணாமல் போகிறது’ என்று கேட்கும் பிள்ளைகளுக்கு விடை இதுதான். ரீஸை 120 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அந்த இடத்தில் விலக்கல் எதுவுமில்லாத தனிச் சைன் அலையை (மேல் ஒத்திசைகள் இல்லாத தூய ஒலி) மொனோவில், அதாவது இடம் வலம் ஒன்றாக, வைக்கவேண்டும். கிக் விழும் கணத்தில் சைன் அலை சற்று ஒதுங்கிக்கொள்ளவும் வேண்டும். கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் இந்தச் சைன் அலை அறவே கேட்காது. அதற்காக அதைக் கூட்டக்கூடாது. அதன்மேல் சச்சுரேஷன் என்ற மெல்லிய சிதைவைச் சிறிது போட்டால் மேல் ஒத்திசைகள் பிறந்து கைப்பேசியிலும் பேஸ் இருப்பதாகத் தோன்றும்.

மேளத்தை எங்கிருந்து எடுப்பது என்பது உங்கள் கட்டுரை தொடாமல் விட்ட விடயம். இந்த இசையின் தாய் மேளம் 1969இல் த வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட ‘அமென், பிரதர்’ பாட்டின் நான்கு பார் துண்டு. வாசித்தவர் கிரெகரி கோல்மன். சுமார் 137 வேகத்தில் உள்ள அதைப் பழைய முறையில் வேகமாகச் சுழற்றி 174க்குக் கொண்டுவந்தால் சுருதி நான்கு அரைச்சுரம் ஏறும். அந்தக் கீச்சுத்தன்மைதான் ஜங்கிளின் முகம். எண்ணற்ற பாடல்களில் ஒலித்தும் கோல்மனுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. அவர் 2006இல் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் சேர்த்துக் கொடுத்த சுமார் 24,000 பவுண்தான் கைக்கு வந்தது.

பிறர் பதிவிலிருந்து நான்கு செக்கனுக்குக் குறைவாக எடுத்தால் குற்றமில்லை என்று இங்கே பலரும் சொல்வது வெறும் கதை. எங்கள் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பதிப்புரிமை ஆக்கியோனின் ஆயுளுக்குப் பின் 70 ஆண்டு. சினிமாப் பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் போட்டால், தளங்களின் தானியங்கிச் சோதனை அதைப் பிடிக்கும், நிறுவனமும் ஒதுங்கிவிடும்.

தவிலும் பறையும் உடுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊர் இது. கோயில் திருவிழாவில் கைப்பேசியில் எடுத்த பதிவு உதவாது. நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும் வெடியும் அதில் கலந்திருக்கும், பிரித்தெடுக்க முடியாது. கலைஞரைத் தனியாக அழைத்து, மின்விசிறியை நிறுத்தி, தவிலின் வலந்தலைக்கு ஒரு மைக், இடப்பக்கத் தொப்பிக்கு ஒரு மைக் வைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் 24 பிட்டில் எடுக்கவேண்டும். 174இல் தாளம் காட்டும் கிளிக் கொடுத்தால் வித்துவானுக்கு எரிச்சல்தான் வரும். அதன் பாதியான 87இல் கொடுத்தால் அவர் பாட்டுக்கு நடை பிடித்து வாசிப்பார். வாசிக்க வாசிக்கக் காலம் சற்று ஓடும், அது இயல்பு. முழுப் பதிவையும் இழுத்துச் சரிசெய்யப் போனால் விரற்கூட்டின் ‘டக்’ மழுங்கிவிடும். ஒவ்வோர் அடியாக வெட்டி வைப்பதே மேல். வாசிப்புக்கான பணம் எவ்வளவு, பாட்டு விற்றால் பங்கு உண்டா இல்லையா என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடவேண்டும். கோல்மனுக்கு நடந்ததை எங்கள் தவில்காரருக்கும் செய்யவேண்டாம்.

பாட்டு முடிந்தால் அனுப்புவது. டிஜேக்கள் கலந்து போடுவதற்கு வசதியாக முதல் 32 பார் மேளத்தோடு ஓடவேண்டும், அது 44 செக்கன். மாற்றங்கள் 16 பாருக்கு ஒன்றாக வரட்டும். ஒரு நிறுவனத்துக்கு இரண்டு அல்லது மூன்று பாட்டு போதும். மின்னஞ்சலில் கோப்பை இணைக்காமல், தரவிறக்கக்கூடிய தனிப்பட்ட இணைப்பைக் கொடுக்கவேண்டும். ஒரே பாட்டை ஐந்து இடத்துக்கு ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டு இரண்டு இடத்தில் சரி என்று சொன்னால் இருவரிடமும் பெயர் கெடும். மாஸ்டரிங் என்ற இறுதி ஒலிச் சீராக்கத்தை அவர்கள் செய்வார்கள், உச்சத்தில் 6 டெசிபெல் இடம் விட்ட கோப்பு ஒன்றைத் தயாராக வைத்திருந்தால் சரி.

ஒப்பந்தத்தில் சிறு நிறுவனங்களின் வழக்கம் செலவு போக வரும் இலாபத்தில் பாதிக்குப் பாதி. அந்தச் ‘செலவு’க்குள் எதெது அடங்கும் என்று கேட்டு எழுத்தில் வாங்கவேண்டும். பதிவின் உரிமையைக் குறித்த காலத்துக்குக் கொடுக்கிறோமா, ஒரேயடியாக எழுதிக் கொடுக்கிறோமா என்றும் பார்க்கவேண்டும். பதிவின் உரிமை வேறு, இசையமைப்பின் உரிமை வேறு. இரண்டையும் ஒரே கையெழுத்தில் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு.

வருமானம் என்ற இடத்தில் கட்டுரை மிகவும் தாராளம். ஸ்பொட்டிஃபையில் 2024 முதல் 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு ஒன்றும் கிடைக்காது. லண்டனிலேயே இந்த இசைக்காரர்களின் சோறு பெரும்பாலும் டிஜே மேடையில்தான். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் தொடங்கிய ட்ரம் அன்ட் பேஸ் குழுவான பெண்டுலம் 2003இல் இங்கிலாந்துக்கே குடிபெயர்ந்தது. இங்கே சீசன் மே முதல் செப்ரெம்பர் வரை, அப்போதும் ஹோட்டல்கள் இரவு முழுக்க 174 கேட்பதில்லை. மாரி தொடங்கினால் அதுவும் இல்லை. ஆனால் மேலே சொன்ன ஒலி வேலை தெரிந்தவருக்கு விளம்பரம், நடன அரங்கேற்றத்துக்கான பதிவு, கலியாண வீடியோவின் ஒலி, மற்றவர்களின் பாட்டுக்கு மிக்ஸிங், வெளிநாட்டுத் தளங்களில் சாம்பிள் (ஒலித்துண்டு) தொகுப்பு என்று வேலை இருக்கிறது. மாதாமாதம் வரும் காசு அதில்தான். சொந்தப் பாட்டு பெயரைத் தரும், பெயர் வேலையைத் தரும் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம் குறைவு.

இன்னும் இரண்டு. கடற்காற்றில் கேபிள் முனைகள் பச்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பையோடு மூடிய பெட்டியில் வைக்கவேண்டும். ஐப்பசி இடிமுழக்கத்தில் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட வேண்டும், புரொஜெக்ட்டின் பிரதி வீட்டுக்கு வெளியிலும் ஒன்று இருக்கவேண்டும்.

பணம் வாங்கும் வழியை முதல் பாட்டுக்கு முன்பே ஒழுங்கு செய்யவேண்டும். இலங்கைக் கணக்கால் பேபாலில் அனுப்பலாம், பெற முடியாது என்பதே நெடுங்காலம் இருந்துவந்த நிலை. இசை விற்கும் தளமான பேண்ட்காம்ப் பணத்தைப் பேபால் வழியாகவே கொடுத்து வந்ததால் அங்கே விற்றுவிட்டுத் திண்டாடியவர்கள் உண்டு. பேயொனியர் என்ற பணப் பரிமாற்றச் சேவைக் கணக்கோ நேரடி வங்கி மாற்றோ தரும் விநியோகஸ்தரைத் தேர்ந்தெடுப்பதே புத்தி. அமெரிக்கத் தளங்கள் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவம் கேட்கும். அதில் வங்கிக் கணக்கிலுள்ள அதே பெயரை, அதே எழுத்துக்கூட்டலில் எழுதவேண்டும். மேடைப் பெயரை எழுதினால் பணம் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்த முறை இந்தப் பட்டியலை வெளியிடும்போது ஸ்பீக்கரைக் கடைசிக்குத் தள்ளி, ஹெட்போனையும் ஒப்பந்தத் தாளையும் மேலே கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுத் துறையினர் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.